கேப்டனின் சாக்கு மூட்டை

பட்டம் வாங்கியதும் சுற்றுலாப் பாய்மரப் படகொன்றில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். கேப்டனை அங்கேதான் சந்தித்தேன். ஒவ்வொரு பயணத்திலும் ஆளில்லாத ஒரு தீவருகே நங்கூரமிட்டு, பயணிகளை நீந்தவிட்டு, சாக்கு மூட்டையோடு சின்னப் படகில் தனியே போவார். கடத்தலோ என்று எனக்குச் சந்தேகம். மாட்டினால் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி கம்பி எண்ண வேண்டும்.

ஒருநாள், "நானும் வரேண்ணே," என்று ஏறிக்கொண்டேன்.

"படிச்சவன் புத்தி எங்க போகுது பாரு," என்று முறைத்தார்.

கரையில் மூட்டையை அவிழ்த்தார். படகுச் சமையலறையின் காய்கறித் தோல். புதரிலிருந்து ஆடுகள் ஓடிவந்தன.

"கடலே வேலி தம்பி. டூரிஸ்ட் படகுல வந்து ஆடு வளக்கறேன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். போட்டுக் குடுத்துராத."

நான் சொல்லவில்லை. இன்றும் அவர்தான் கேப்டன். முதலாளியோடு நான் போனில் பேசினால் மட்டும் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார்.