இடப்பக்கக் கதவு

மூன்று வாரத்துக்கு முன் பார்க்கிங் தூணில் காரின் இடப்பக்கக் கதவை உரசிவிட்டேன். ஒரு சாண் கீறல், உள்ளங்கை அளவு பள்ளம். இன்று காலைதான் கெலுகோர் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறைக்காரர் குமார் குனிந்து பார்த்தார்.

"தட்டி பெயிண்ட் அடிச்சா ஐந்நூறு வெள்ளிண்ணே. பாலம் தாண்டி பிறையில பழைய காடி உடைக்கிற கடையில இதே கலர்ல கதவு கெடைச்சா முந்நூறுதான். இல்லன்னா பள்ளத்த மட்டும் இழுத்துட்டு கீறல விட்டுறலாம்லா, நூறு வெள்ளி."

"எது நல்லது தம்பி?"

"கதவு ஒழுங்கா திறக்குதா?"

தெரியவில்லை என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "மூணு வாரமா யாருமே ஏறலையா?"

பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. சீட் இன்னும் என் மகளின் உயரத்துக்கே இருக்கிறது. அவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம்.

"சீட்ட பின்னால தள்ளவா?"

"இருக்கட்டும்."

முழங்காலை மடக்கிக்கொண்டார். "ஒரு ரவுண்டு ஓட்டுங்கண்ணே. காத்து சத்தம் வருதான்னு கேப்போம்."

பட்டறையைச் சுற்றி வந்தாலே போதும். நான் பாலத்தடி வரை ஓட்டினேன். வழியெல்லாம் அவர் தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

"சத்தமே இல்லண்ணே. கதவு நல்லா இருக்கு."

"இன்னொரு ரவுண்டு கேட்டுப் பாருங்களேன்," என்றேன்.

குமார் சொன்ன மூன்றில் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. யோசனை சொல்ல நினைப்பவர்கள் கமெண்டில் எழுத வேண்டாம். நேரில் வந்து, உட்கார்ந்து, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கொஞ்சம் குட்டையானவர்களாக இருந்தால் நல்லது.