ஏழாம் நாளில் ஒரு பூச்சியம்

கல்முனையில் ஏழாம் மாதத்திலேயே பிறந்த என் மகள், தூக்கத்தில் மூச்சுவிட மறந்துபோவாள். ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறித்து வைத்தேன். மூன்றாம் நாள் ஒன்பது தடவை.

“கெஃபீன் குடுக்கப்போறம்” என்றார் டொக்டர்.

அது கோப்பியில் இருப்பது, நெஞ்சைப் படபடக்க வைப்பது என்று வாசித்திருந்த நான் மறுத்தேன். “பெரியாக்களுக்கே கூடாது. இந்தப் பச்சப்புள்ளைக்கா?”

“கோப்பி இல்ல, புள்ளட நிறைக்கு அளந்து குடுக்கிற மருந்து. மூச்செடுக்கச் சொல்லி மூளையத் தட்டும். நெஞ்சுத் துடிப்ப நாங்க பாத்துக்கிட்டே இருப்பம்.”

மனைவி என்னைப் பார்த்தாள். “நீங்க வாசிச்சது காணும், போதும். புள்ள மூச்செடுக்கட்டும்.”

சம்மதித்தேன். அடுத்த நாள் நான்கு, பிறகு ஒன்று. பெயர் வைக்கும் ஏழாம் நாளில் பூச்சியம்.

இப்போது அவள் கத்தினால் தெருவே திரும்பும். வீட்டில் அவளுக்குக் கோப்பிக்காரி என்று பெயர். எத்தனையோ திகதிகளும் எண்களும் எழுதியிருக்கிறேன். அந்தப் பூச்சியத்தைவிடப் பெரியது எதுவுமில்லை.