அனார்கான் அக்காவின் ஆறு தட்டி வீடு

காரில் ஏறுமுன் அனார்கான் அக்கா தலையிலிருக்கும் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். தொப்பியோடு உட்கார்ந்தால் கூரை இடிக்கும். கழற்றினாலும் இடிக்கும், கொஞ்சம் குறைவாக இடிக்கும். பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் நரீன் ஊரில் அவரைவிட உயரமான பெண் கிடையாது. அவருடைய டிகோவைவிடச் சின்ன காரும் கிடையாது. முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் எழும்பி நிற்க அவர் போவதைப் பார்த்தால், காரில் போகிறாரா, காரை மாட்டிக்கொண்டு நடக்கிறாரா என்று சந்தேகம் வரும்.

"அக்கா, கொஞ்சம் பெரிய வண்டியா வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்காத ஆள் எங்கள் குடியிருப்பில் இல்லை. நானே நாலு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"எதுக்குடா? கால் நீட்டவா? கால் நீட்டிப் படுக்க எல்லாருக்கும் ஒரு நாள் வரத்தானே போவுது. அதுவரைக்கும் மடக்கி வெச்சா தேஞ்சா போயிடும்?"

மற்ற எங்களுக்கெல்லாம் எதுவும் பெரிசாக இருக்க வேண்டும். முதல் மாடி மெலிஸ் கடன்பட்டு ஒரு ஜீப் வாங்கினான். முற்றத்தில் பாதி அதற்கே போய்விட்டது. பெட்ரோல் குடித்தே ஆளைத் தீர்த்துவிடும் என்று தலைநகருக்குப் போகும்போது ஷேர் டாக்ஸியில் போகிறான்! அவன் போன் ரொட்டிப் பலகை அகலம். அக்காவினுடையது பொத்தான் போன், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம்.

"ஒரு தடவ சார்ஜ் போட்டா ஒரு வாரம் நிக்கும். சாவுச் சேதி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அந்த நேரத்துல இதுவும் செத்துக் கெடந்தா?"

சாவுச் சேதி அவருக்கு ஏன் வர வேண்டும் என்றால், மடக்கு மரத் தட்டிகளை வட்டமாக நிறுத்தி, மேலே கழிகள் செருகி, கம்பளி போர்த்திக் கட்டுகிற கம்பளி வீடு அவரிடம்தான் இருக்கிறது. ஐந்து மாடிக் கட்டடத்தில் வாழ்ந்தாலும் எங்களில் யாரும் மாடியிலிருந்து நேரே மண்ணுக்குப் போவதில்லை. வாசலில் கம்பளி வீடு போட்டு, அதில் கிடத்தி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அனுப்பினால்தான் அனுப்பியதாக அர்த்தம். அக்காவின் புருஷன் போனபோது இரவல் வாங்கிய வீடு ஒழுகியதாம். "அவரு மூஞ்சில சொட்டுச் சொட்டா விழுந்திச்சு. துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன்." அதற்கு மேல் அந்தக் கதையை அவர் சொல்ல மாட்டார். மூன்று அறை வீட்டை விற்றார். ஆறு தட்டி வைத்த கம்பளி வீடு ஒன்றைச் செய்யச் சொன்னார். தரைத்தளத்தில் ஒற்றை அறைக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடச் சமையற்கட்டு வேலை ஒன்றுதான் வருமானம்.

அந்த அறைக்குள் போனால் ஆளைத் தேட வேண்டும். கம்பளிச் சுருள்கள் கூரைவரை. மேசைக்கடியில் கூரைக் கழிகள். அந்தக் கழிகளின் நுனி சேரும் உச்சி வளையம் வாசலில் நுழையாததால் ஜன்னலையே பெயர்த்து உள்ளே ஏற்றிச் சுவரில் சாத்தியிருக்கிறார். நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற இடம். "வீட்டுக்குள்ள வீடு வெச்சிருக்கேன். என்னவிடப் பணக்காரி எவ இருக்கா?" என்பார். நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

போன ஜனவரியில், நாலாவது மாடி ஷாய்லோபெக் அண்ணன் காலமானார். குடியிருப்பிலேயே நெட்டையான ஆண்பிள்ளை. விடிந்ததும் டிகோவின் தலைமேல் தட்டிகளைக் கட்டிக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி மூன்று நடை அடித்து, அக்கா சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அப்புறம்தான் பார்த்தோம், இடம் இல்லை. ஒரு பக்கம் நெட்டிலிங்க மரம், இன்னொரு பக்கம் மெலிஸின் ஜீப். அவன் தலைநகரில், சாவி அவன் பையில், அவ்வளவு பெரிய போனில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது, எடுக்கவே இல்லை. எட்டுப் பேர் தள்ளினோம். சக்கரம் பனியில் இறுகிக் கிடந்தது. அலாரம் ஊளையிட்டதே தவிர வண்டி அசையவில்லை.

"பின்பக்கம் போட்டா என்ன?" என்றேன்.

அண்ணனின் மனைவி ஜூரா படியில் நின்றிருந்தார். "குப்பைத் தொட்டி பக்கத்துலயா? முப்பது வருஷம் இந்த வாசல்ல ஏறி எறங்கின மனுசன் அவரு. இங்கதான் படுக்கணும்."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மரத்திலிருந்து ஜீப்வரை அடியெடுத்து அளந்தார்.

"தட்டிய ஒடுக்குங்கடா. கீழ ஒடுங்கினா மேல ஓங்கும்."

"அக்கா, வீடு கூம்பா நிக்குமே! பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?" என்றேன்.

"மடியோட மடி இடிச்சு உக்காருவாங்க. துக்கத்துக்கு வர்றவ சம்மணம் போடவா வர்றா? இழுத்துக் கட்டு!"

மடங்கி விரியும் தட்டிகளை நெருக்கி நிறுத்தினோம். சுவர் எங்கள் கண்ணெதிரே உயர்ந்தது. நாங்கள் கைநீட்டினாலும் எட்டாத உயரத்துக்கு உச்சி வளையத்தைக் கம்பில் ஏந்திப் பிடித்தபடி அக்கா ஒருத்தியாக நின்றார். சுற்றிலும் நின்று ஒவ்வொரு கழியாகச் செருகினோம். கம்பளி போர்த்தி முடித்தபோது ஜீப்புக்கும் வீட்டுக்கும் நடுவே விரல்தான் நுழையும். நாலு வருஷமாக அதே வீட்டைப் பார்க்கிறேன். அதற்கு இப்படி ஒரு வித்தை தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஏதோ அதிசயத்தின் முன் நிற்பதுபோல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜூராவுக்கு அது போதவில்லை. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள அவரு மடங்கித்தான் கெடப்பாரு," என்றார். "நான் எங்க உக்காருவேன், அக்கா?"

அக்கா தொப்பியைக் கழற்றினார். குனிந்து உள்ளே போய், பிணம் கிடத்தும் இடத்தில், உறைந்த தரையில், அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

"ஐயையோ, எழுந்திரு! செத்தவன் எடத்துல உசுரோட படுப்பாங்களா?" என்று பெண்கள் அலறினார்கள்.

அக்கா அசையவில்லை. கைகளை உடம்போடு ஒட்டிக் காலை நன்றாக நீட்டினார். எங்கேயும் இடிக்கவில்லை. "அவரும் நானும் ஒரே ஒசரம்," என்றார். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்துப் பக்கத்துத் தரையை இரண்டு முறை தட்டினார்.

ஜூரா குனிந்து உள்ளே வந்தார். தட்டிய இடத்தில் மெதுவாக உட்கார்ந்தார். முழங்கால் அக்காவின் தோளில் இடித்தது. அக்கா படுத்தபடியே இன்னும் ஒரு சாண் நகர்ந்து கொடுத்தார்.