பீரோ கதவில் கிறிஸ்துமஸ் மரம்

எங்கள் அறை பத்துக்குப் பத்து. ஸ்ரீபெரும்புதூரில் இதைவிடப் பெரிய அறைகள் உண்டு. அவற்றில் எட்டுப் பேர் இருப்பார்கள். எங்களுடையதில் இரண்டே பேர் என்பதால் இடத்துக்குக் குறைவே இல்லை என்பது ஹவுஸ் ஓனரின் கட்சி. ஒரு சுவரில் வாசல், ஒரு சுவரில் ஜன்னல், ஒரு சுவரில் அடுப்பு மேடை. மிச்சமிருந்த சுவரை என் மாமியார் கொடுத்த இரும்பு பீரோ எடுத்துக்கொண்டது. ஆக, கிறிஸ்துமஸ் மரம் வேண்டுமென்றால் அது பீரோவின் மேல்தான்.

மரம் அப்பாவுக்காக. நான் தூத்துக்குடிப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். என் கணவருக்கு ஒரகடத்தைத் தாண்டி ஒரு கிராமம். குலதெய்வம், ஆடி மாதக் கூழ் எல்லாம் முறையாக உள்ள வீடு. கம்பெனி பஸ் ஏறுகிற இடத்தில் பார்த்துப் பழகி, ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டோம். அப்பா ஒன்பது மாதம் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார். ஆனால் மருமகனை எப்படிக் குறிப்பிடுவது என்று மட்டும் அவருக்கு முடிவாகவில்லை. "அங்க எல்லாரும் சௌக்கியமா?" என்பார். எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர். அதில் நான்தான் அவரோடு பேசிக்கொண்டிருப்பேன்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் போனில் கேட்டார். "ஏம்மா, அந்த வீட்ல ஒனக்குன்னு ஒரு கிறிஸ்மஸ் உண்டா?"

"உண்டே. வந்து பாருங்க" என்றேன். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும்.

"அப்ப இருவத்தி நாலாம் தேதி வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பா ஒரு தடவை வந்து பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் வந்ததுதான். பிறகு அதை மாற்ற ஆண்டவர் நேரில் வந்தாலும் உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுவார். என் கணவர் அவருக்கு மருமகனா, இல்லை கடைசி வரை 'எல்லாரும்'தானா என்பது அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

பஜாரில் பிளாஸ்டிக் மரம் பார்த்தேன். தொட்டால் கொட்டியது. அடுத்த வருடம் கம்பி மட்டும்தான் மிஞ்சும். எனக்குத் தொழிலே தையல். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். துணியில் மரம் வெட்டி, எம்பிராய்டரி போட்டால் வருடா வருடம் எடுத்து பீரோ கதவில் மாட்டலாம், துவைத்தும் வைக்கலாம். பீரோவுக்கு இரண்டு கதவு. முழு மரமாகத் தைத்தால் கிறிஸ்துமஸ் முடிகிற வரை யாரும் உடுப்பு மாற்ற முடியாது. அதனால் மரம் இரண்டு பாதி. இந்தக் கதவில் ஒன்று, அந்தக் கதவில் ஒன்று. சின்னச் சின்னக் காந்தம் வைத்தால் நிற்கும்.

"ஒரு பாதி நான் போடறேன்" என்றார் என் கணவர்.

அவருக்கு வேலை பிரஸ் ஷாப்பில், தகடு அழுத்துகிற இடம். ஊசியைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. "உனக்கு எதுக்கு?" என்றேன்.

"உங்கப்பா கேட்டது என் வூட்டப் பத்தி. நான் சும்மா குந்திகினு இருந்தா நல்லாவா கீது?"

சங்கிலித் தையல் ஒன்றை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிக்கொடுத்தேன். அதற்குமேல் நேரம் கிடையாது. எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவருக்கு மதியம். வாரம் மாறும்போது இருவருக்கும் மாறும், ஆகவே எதுவும் மாறாது. டிசம்பரில் ஞாயிறும் ஓ.டி. எங்கள் குடும்பம் நடப்பது அடுப்பு மேடையில் கிடக்கும் ஒரு நோட்டில். ஷிப்ட் முடித்தவர் எழுதிவைப்பார், அடுத்தவர் படிப்பார். 'ரசம் இருக்கிறது', 'காஸ் வரவில்லை', 'தலைவலி, எழுப்ப வேண்டாம்' என்று எங்கள் காதல் கடிதங்கள் அதில் வரிசையாக இருக்கும்.

பச்சைத் துணி வாங்கினேன், ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். பாதி மரத்துக்கு அட்டையில் ஓர் அச்சு வெட்டினேன். தையல் லைனில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், சாக்பீஸ் துணியின் நல்ல பக்கத்தில் படக்கூடாது என்பது. துணியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முதுகில் அட்டையை வைத்துத்தான் வரைவோம். நானும் அப்படியே வரைந்து என் பாதியை வெட்டிக்கொண்டேன். மீதித் துணியையும் அட்டையையும் அவருக்கு வைத்துவிட்டு நோட்டில் எழுதினேன். 'உன் பாதிக்கு அட்டையைத் திருப்பிப் போட்டு வரையவும். நட்சத்திரம், மணி போடவும்.'

மூன்று வாரம். நான் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தைத்தேன். பக்கத்து சீட்டுப் பெண் தினமும் என் தோளில் தூங்கினாள், ஆகவே என் நட்சத்திரங்கள் இடது கையை அசைக்காமல் தைத்தவை. அவர் தன்னுடையதை நான் ஷிப்ட் போன பிறகு எடுப்பார், நான் வருவதற்குள் மடித்து ஒளித்துவைப்பார். முடித்த பிறகுதான் காட்டுவேன் என்றார். விரல்களில் பிளாஸ்டர் மட்டும் தெரிந்தது. தகடு வெட்டாத கையை ஊசி வெட்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மட்டும் இருவருக்கும் ஓ.டி. இல்லை. தரையில் பாய் விரித்து இரண்டு பாதியையும் பக்கம் பக்கமாக வைத்தோம்.

இரண்டும் இடது பாதி. கிளையெல்லாம் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு காலுக்கும் இடது செருப்பு வாங்கிவந்த கதை.

"திருப்பிப் போட்டு வரையச் சொன்னேன்ல?"

"திருப்பிதான் போட்டேன்."

"எங்க வரஞ்ச?"

"மேலதான். பளபளன்னு கீதே, அதும்மேல."

"துணியில யாராவது நல்ல பக்கத்துல வரைவாங்களா?"

"தகட்டுல மார்க் மேலதான் போடுவாங்க. அடியில போட்டா கண்ணுக்கு இன்னா தெரியும்?"

அட்டையைத் திருப்பியது சரி. ஆனால் துணியைக் கவிழ்க்காமல் விட்டதில் அந்தத் திருப்பலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அவர் கம்பெனி முறைப்படி அவர் செய்தது சரி. என் கம்பெனி முறைப்படி நான் செய்தது சரி. மரம்தான் தப்பு.

வேறு துணி வெட்டித் தைக்க நாள் இல்லை. ஒரு பாதியைக் கவிழ்த்து, முதுகு வெளியே தெரியும்படி மாட்டினால் வடிவமாவது மரமாக இருக்கும். எதைக் கவிழ்ப்பது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. அவருடைய நட்சத்திரங்கள் மார்கழிக் கோலத்தில் வருகிற நட்சத்திரங்கள், நடுவில் புள்ளி வேறு. மணி என்று ஒன்று போட்டிருந்தார். பூசையறையில் ஆட்டுகிற கைமணி, பிடியோடு. அப்பா இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதுதான் எனக்கு ஓடியது.

"உன்னுதத் திருப்பி மாட்டிக்கலாமா?" என்றேன்.

கொஞ்சம் பார்த்தார். "மாட்டிக்கோ" என்றார். வலது கதவில் அவரே பிடித்துக்கொண்டு நின்றார், நான் காந்தம் வைத்தேன். மங்கல் பச்சையில் முடிச்சும் நூலும் மட்டும் தெரிந்தன.

இருபத்து நான்காம் தேதி எனக்கு லீவு கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அப்பா செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, ரயில் வராத ஊரெல்லாம் ஒரு ஊரா என்று கேட்டுக்கொண்டே படி ஏறினார். பையில் மக்ரூனும் அச்சு முறுக்கும். டீ குடித்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

பிறகு எழுந்து பீரோவிடம் போனார். என் பாதியைப் பார்த்துத் தலையாட்டினார். வலது கதவில் துணியின் ஓரத்தைத் தூக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு போட்டது?"

"அவர்தான். ஊசி பிடிக்கவே இப்பதான் பழகுனாரு."

"இத உள்ள பாக்கத் திருப்புனது யாரு? அவரா?"

"இல்லப்பா. நான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு கிறிஸ்துமஸ் உண்டா என்று கேட்ட மனிதருக்கு, இருந்த கிறிஸ்துமஸைக் கவிழ்த்துப்போட்டுக் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் குத்துப்பட்ட விரலை நான் ஒரு தடவைகூடப் பிடித்துப் பார்க்கவில்லை.

"ரெண்டும் ஒரே பக்கந்தான. அத இங்க போட்டு, இத அங்க கவுத்துனா என்ன?" என்று சொல்லிக்கொண்டே அப்பா காந்தங்களைப் பிடுங்கினார். நான் உதவப் போனேன். "நீ இரி" என்றார். கைமணி இடது கதவுக்கு வந்தது. என் பாதி வலது கதவில் குப்புறப் படுத்தது. அதன் முதுகும் ஒன்றும் பார்க்கும்படியாக இல்லை.

மூன்றரைக்குக் கம்பெனி பஸ் அவரை இறக்கிவிட்டது. என் கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தார், பீரோவைப் பார்த்தார், அப்படியே நின்றார்.

"இன்னா, மாத்திக்கீற?" என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"நாந்தான் மாத்துனேன், மருமவனே. ஒம்ம கை வேல வெளிய தெரியட்டும்னு. வாரும், வந்து உக்காரும்."

ஒன்றரை வருடம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்துக்குப் பத்தில் எங்கே போய் அழுவது? மரத்தை இரண்டாகப் பிரித்து பீரோவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, புடவைகளுக்கு நடுவில் கையைத் துழாவிக்கொண்டு நின்றேன்.

"அவ என்னத்தத் தேடுதா?" என்று அப்பா கேட்பது காதில் விழுந்தது.

"தெர்ல மாமா" என்றார் என் கணவர். "கொஞ்ச நேரம் தேடட்டும்."