எடைக்குப் போகாத கோட்டு

தன் கல்யாணத்துக்குத் தானே தைத்த கோட்டைப் பழைய சாமான்காரர் தராசில் போட்டதும் தையற்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னய்யா, என் கைவேலையைக் கிலோ கணக்குலயா எடுப்பே?" என்று பிடுங்கிக்கொண்டார்.

"அப்போ முதியோர் இல்லத்துல குடுத்துடுங்க. பீரோ காலியானா சரி," என்றாள் மனைவி.

அங்கே கோட்டை மாட்டிய பெரியவருக்குக் கை நீளம் விரல்களையே விழுங்கிவிட்டது. தையற்காரருக்குப் பொறுக்குமா? டேப்பை உருவினார், ஊசியை எடுத்தார். கை கச்சிதமானதும் பெரியவர் கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். அவ்வளவுதான், "எனக்கு?", "எனக்கு?" என்று தொளதொளத்த பேன்ட்டுகளோடு வரிசை வாசல்வரை நீண்டது.

நான்காம் நாளும் விடிந்ததும் விடியாததுமாகத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை மனைவி வழிமறித்தாள்.

"கோட்டைத்தானே தானம் பண்ணச் சொன்னேன்? உங்களையும் சேர்த்தா குடுத்துட்டு வந்தீங்க?"