பூதக்கண்ணாடி போட்ட டிக்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். பணம் அனுப்பும் ஆப் ஒன்றை உருவாக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை, இப்போது சீனியர் இன்ஜினியர். அங்கே ஒருவர் எழுதும் புரோகிராமை இன்னொருவர் படித்து டிக் போட்டால்தான் அது வாடிக்கையாளரின் போனுக்குப் போகும். மற்றவர்கள் டீ ஆறுவதற்குள் டிக் போட்டுவிடுவார்கள். இவளோ ஒரு கமாவைக்கூட விடமாட்டாள். இவளிடம் மாட்டினால் விடிந்த மாதிரிதான் என்று புலம்புவார்கள். ஆனால் இவள் டிக் விழுந்துவிட்டால் அதை மேலாளரே திரும்பிப் பார்ப்பதில்லை.

பக்கத்து சீட்டுக்காரனை வேலைக்கு எடுத்ததே இவள்தான். வந்த முதல் வாரமே அக்கா என்று ஒட்டிக்கொண்டான். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாதவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவன் மகளுக்கு இவள் அத்தை ஆனாள்.

ஒரு மதியம் அவன் போன் செய்தான். "அக்கா, பாப்பாவுக்கு ஜுரம் கொதிக்குது, ஆஸ்பத்திரியில இருக்கேன். நான் எழுதின புரோகிராம் இன்னைக்கே போயாகணும். ஒரு டிக் மட்டும் போட்டுடுங்க."

நாற்பது ஃபைல், படித்தால் ஒரு நாள் ஆகும். பாப்பாவின் முகம் கண்ணில் நின்றது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் படிக்காமல் போட்டாள்.

பணம் போகுமுன் பெறுபவரின் பெயரைக் காட்டி 'இவருக்குத்தானா?' என்று கேட்கும் திரையை அவன் அதில் தூக்கியிருந்தான். திரை போனால் ஆப் வேகமாகும், வேகமானால் அவனுக்குப் பதவி உயர்வு. ஒரே வாரத்தில், எண்ணை மாற்றித் தட்டியவர்களின் வாடகையும் பள்ளிக் கட்டணமும் முன்பின் தெரியாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

விசாரணையில் அவன் மேலாளரிடம் சொன்னான்: "அக்கா பார்த்து ஓகே சொன்னாங்க. அவங்களுக்கு மேல யார் சார் பார்க்கணும்?" குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்போதும் அவனுக்காகத் தன் மனதிடமே வக்காலத்து வாங்கினாள். பிள்ளை ஜுரத்தில் கிடந்தால் யாருக்குத்தான் புத்தி நிதானத்தில் இருக்கும்? கம்பெனி கேட்ட விளக்கப் படிவத்தில் 'படித்தேன், கண்ணில் படவில்லை' என்று எழுதினால் இவள் பெயர் கெடும், ஆனால் இருவர் வேலையும் தப்பித்துவிடும். படிக்கவே இல்லை என்றால் கேட்டவனுக்கும் போட்டவளுக்கும் சேர்த்துச் சீட்டுக் கிழியும். பெயர் போனால் போகட்டும் என்று முதல் விதமாகவே எழுதிவைத்தாள். அனுப்புவதுதான் பாக்கி.

மறுநாள் காலை அவன் மனைவி போன் செய்தாள். பாப்பாவின் பள்ளிப் படிவத்தில், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று இவள் எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். தாராளமாகக் கொடு என்ற இவள், போன மாத ஜுரத்துக்கப்புறம் பாப்பா தேறிவிட்டாளா என்று விசாரித்தாள்.

"எந்த ஜுரம்க்கா? போன மாசம் பூரா லீவுக்கு எங்கம்மா வீட்டுலல்ல இருந்தோம். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரலையே."

போனை வைத்தாள். முப்பது பேர் இருக்க அவன் டிக்குக்கு இவளைத் தேடி வந்தது ஏனென்று இப்போதுதான் உறைத்தது. கண்ணைக் கெடுத்துச் சேர்த்த பெயரைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

எழுதிவைத்ததை முழுக்க அழித்தாள். 'படித்தீர்களா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று தட்டினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஜுரம்' என்று தொடங்கி அதையும் அழித்தாள். பிறகு 'தம்பி என்று நம்பினேன்' என்று எழுதி, எழுத்து எழுத்தாக இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.