டியூப் செருகிய இடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் எனக்கு வேலை. வீடு திரும்பியவர், செத்தவர் எல்லோருடைய கேஸ் ஷீட்டும் என் மேசைக்கு வரும். படித்துப் பார்த்து, தடித்த புத்தகத்தில் அந்த நோய்க்குரிய எண்ணைத் தேடி எழுத வேண்டும். டாக்டர் எழுதியதற்குத்தான் எண். நாமாக யூகித்துப் போடக் கூடாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத எனக்கு இதைவிடப் பொருந்தாத வேலை கிடையாது.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் லாரியில் வேலை பார்த்தவர் ஒருவர், இரும்புப் பைப் விழுந்து கால் நசுங்கி வந்தார். கால் நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது. குளுக்கோஸ் ஏற்ற நரம்பில் செருகிய டியூப் மட்டும் மாற்றாமல் கையிலேயே கிடந்தது. திடீரென்று குளிர்ஜுரம் வந்து ஆள் போய்விட்டார். 'இரத்தத்தில் கிருமி' என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தார். டியூப் போட்ட இடத்தில் சீழ் என்று நர்ஸ் குறித்திருந்தாள். கால் புண்ணால் வந்த கிருமிக்கு ஓர் எண், டியூப்பால் வந்ததற்கு வேறு எண். எதைப் போடுவது என்று டாக்டரிடமே போய்க் கேட்டேன். மென்று விழுங்கினார். கடைசியில் 'டியூப்பினால்' என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், அன்று அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

காரியம் முடிந்து, சான்றிதழ் வாங்க இறந்தவரின் மனைவி மாமியாரோடு வந்தாள். ரணத்தோடு கிடந்த மகனுக்கு இவள் இளநீர் கொடுத்து, ஜன்னி வரவைத்துக் கொன்றுவிட்டாள் என்று மாமியார்க்காரி வராந்தாவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சுவரைப் பார்த்து நின்றாள். அவளே அதை நம்பிவிட்டாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டேன்.

"எளநியால ஒண்ணும் ஆகல அம்மிணி. கையில டியூப் போட்டிருந்தாங்கல்ல, அந்த எடத்துல கிருமி பூந்து ரத்தத்துல கலந்துருச்சு. டாக்டரே எழுதியிருக்கறாரு. நீ ஒண்ணும் பண்ணல."

அழுது ஆறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் இடது கையைத் தூக்கி மணிக்கட்டுக்கு மேலே தொட்டுக் காட்டினாள்.

"இந்த எடமுங்களா அக்கா?"

ஆமாம் என்றேன்.

"மலைக்கோயில் துண்ணூறுங்க. நோவு எறங்கட்டும்னு தெனமும் அந்தக் கட்டைப் பிரிச்சு உள்ள வெச்சு உட்டேனுங்க."

டியூப்பை மாற்றாமல் விட்டதுதான் காரணம், திருநீறு இல்லை என்று வேகவேகமாகச் சொன்னேன். உண்மையில் எது என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரிந்திருக்காது. புத்தகத்தில் அதற்கெல்லாம் எண் கிடையாது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மாமியார்க்காரி மறுபடியும் இளநீரில் ஆரம்பித்தாள். இந்தத் தடவை அந்தப் பெண் அவசரமாகப் பதில் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஆமாங்க அத்தே. எளநிதானுங்க."